நெல் மூட்டைமேல் சேஷாத்ரி சார்

“திங்கள், பொங்கலுக்கு முந்தின வாரம். வலது இடுப்பு மூட்டுத் தேய்மானம். தொடையை உள்பக்கம் திருப்பினால் அசைவே இல்லை. முழங்காலை வயிற்றை நோக்கி மடக்கினால் பாதி வழியில் பிடித்துக்கொள்கிறது. செருப்பு வாரை மாட்டுவது மனைவி. நோயாளி கேட்பது: மாசிக் கடைசியில் மகள் கல்யாணம். அவளை மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.”

என் டைரியில் நானே எழுதிய குறிப்பு இது. ஆண்டு எழுதவில்லை. அட்டையில் அச்சடித்திருக்கிறதே என்று விட்டிருப்பேன், அட்டை கிழிந்துவிட்டது. படித்து முடித்த நாவலின் கடைசிப் பக்கத்தில்கூடத் தேதி போடுகிற எனக்கு இது ஒரு மானக்கேடு.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். சென்ற மாதம் அங்கே இருக்கும் இளையவர்கள் ஒரு கேள்வி அனுப்பினார்கள். “சார், இப்ப பயிற்சி எல்லாம் போன்லயே வீடியோவா போகுது. கேமராவே கால் எவ்வளவு மடங்குதுன்னு சொல்லுது. கையால பிடிச்சு இழுத்தது எல்லாம் நிஜமாவே வேலை செஞ்சதா? ஒரு கேஸ் எழுதுங்களேன்.”

வீடியோவின்மேல் எனக்குக் கோபம் இல்லை. நோயாளி வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்யாவிட்டால் நம் கை வேலை நான்கு நாள்கூடத் தாங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கேட்டது ஒரு கேஸ். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நான் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். படிப்பு, பயிற்சி, முதல் வேலை எல்லாம் பெங்களூரிலேயே முடிந்தன. அவற்றில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. முதல் வேலையில் நான் முழுக்க முழுக்க மெஷின்காரன். சூடு கொடுக்கும் பெட்டி ஒன்று, கரண்ட் கொடுக்கும் பெட்டி ஒன்று. பட்டையைக் கட்டி, டைமரைத் திருப்பிவிட்டு, அது மணி அடிக்கும்வரை செய்தித்தாள் படிப்பேன். அடித்ததும் அடுத்தவர். வாழ்க்கை இப்படியே போயிருந்தால் இன்னும் நிறையப் படித்திருப்பேன்.

இரண்டாவது வேலையில் ரெஜினா மேடம் வாய்த்தார். பிரேசர் டவுன்காரர். பிரிவின் தலைவி, ஆனால் என்னைவிட நான்கு வயது சின்னவர். சேர்ந்த அன்று காலையில் நான் வழக்கம்போல ஒரு பெட்டியைத் தேடினேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

“தனபால், அந்தப் பெட்டிக்கு டைமர் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?”

சிரித்தேன்.

“ஷூவைக் கழட்டிட்டு இந்த டேபிள்ல படுங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே மேடம்.”

“இல்லாதப்பவே படுங்க. வந்தப்புறம் படுத்தா கத்துக்க முடியாது, கத்தத்தான் முடியும்.”

படுத்தேன். அவர் வெந்நீரில் கையைக் கழுவித் துடைத்தார். மழைக்காலமோ கோடையோ, ஒவ்வொரு நோயாளிக்கு முன்னாலும் அதைச் செய்வார். குளிர்ந்த கை பட்டால் தசை கதவைச் சாத்திக்கொள்ளும் என்பது அவர் கட்சி. பிறகு என் வலது காலைக் கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டு கையாலும் பிடித்தார். மேஜையிலிருந்து கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் வெளிப்பக்கம் விலக்கி, பாதத்தைத் துளி வெளியே திருப்பினார். இடுப்பு மூட்டின் உறை மிகத் தளர்ந்து இருக்கும் நிலை அது. அப்புறம் அவர் இழுக்கவில்லை. கையை நீட்டி வைத்தபடி தன் உடம்பைப் பின்னால் சாய்த்தார், அவ்வளவுதான். கிணற்றில் வாளி நிறைந்ததும் கயிறு மெல்ல இறுகுமே, அந்த மாதிரி என் கால் நீண்டது. இடுப்புக்குள்ளே எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது போலிருந்தது. சற்று நிறுத்தி, வந்த வேகத்திலேயே விட்டார்.

“கையால இழுத்தா சாயங்காலம் உங்க தோள் போயிடும். உடம்பால சாயணும். அப்புறம், விடறதுல அவசரம் கூடாது. இழுக்கும்போது எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க, விடும்போதுதான் புத்தி வீட்டுக்குப் போயிடும்.”

தேய்மானம் வந்த இடுப்பைப் பற்றி அவர் நோயாளிகளிடம் சொல்வது ஒரே வாக்கியம். “தேஞ்சது வளராது சார். ஆனா இறுகினது இளகும்.” அதற்கு மேல் ஒரு வாக்குறுதியும் தர மாட்டார். எங்கே வலிக்கிறது என்றும் முதலில் கேட்க மாட்டார். எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்பார். சாக்ஸ் போட முடியவில்லை என்றால், கையை வைப்பதற்கு முன்னால் ஒரு சாக்ஸைக் கொடுத்துப் போடச் சொல்வார், வைத்த பிறகும் போடச் சொல்வார். அதுதான் பரீட்சை. எங்கள் பிரிவின் அலமாரியில் நோயாளிகள் மறந்துபோன ஒற்றைச் சாக்ஸுகள் ஏராளம் இருந்தன.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். கையை வைத்திருக்கும்போது நோயாளியின் முகத்தை அவர் அதிகம் பார்க்க மாட்டார். கால் கட்டைவிரலைப் பார்ப்பார். “முகம் மரியாதைக்குச் சிரிக்கும் தனபால். கட்டைவிரலுக்கு மரியாதை தெரியாது. வலிச்சா சுருண்டுக்கும்.” என் பணிக்காலம் முழுவதும் இந்த ஒரு வரியை வைத்தே பாதி ஓட்டினேன்.

இனி சேஷாத்ரி சார்.

மல்லேஸ்வரம். தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்காக வந்து தங்கிய தமிழ்க் குடும்பம். அவர் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த, உயரமான உடம்பு. வலது காலை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைத்து, உடம்பையும் அதே பக்கம் சாய்த்து நடந்து வந்தார். கூடவே மனைவி வைதேகி மாமி, கையில் எக்ஸ்ரே உறையோடு. அறுவை சிகிச்சை நிபுணர் இடுப்பு மூட்டை மாற்றச் சொல்லியிருந்தார். கல்யாணம் முடியட்டும் என்று இவர் தள்ளிப் போட்டிருந்தார்.

“என்ன செய்ய முடியலை சார்?” என்றார் ரெஜினா மேடம்.

“என் பொண்ணு மாதவியை மடியிலே உக்கார வெச்சுக்க முடியலை.”

மேடம் பேனாவை நிறுத்தினார். “பாப்பாவுக்கு என்ன வயசு?”

“இருபத்தெட்டு,” என்றார் மாமி. “இவரை மாதிரியே ஒசரம். அவளுக்குத்தான் கல்யாணம்.”

பிறகு விளக்கினார்கள். அவர்கள் வழக்கத்தில் முகூர்த்தத்தின்போது அப்பா நெல் மூட்டைமேல் உட்கார வேண்டும். பெண் அவர் மடியில் உட்கார, மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவார். எனக்கு இது புதிது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இப்படி இல்லை. மேடத்துக்கு இன்னும் புதிது. “எங்க சர்ச்ல அப்பா பொண்ணு கையைப் பிடிச்சு நாலு அடி நடந்தா போதும். நீங்க ரொம்ப வெயிட்டான மதம் சார்,” என்றார். மாமிதான் முதலில் சிரித்தார்.

“இப்போ எல்லாம் நாற்காலி போட்டுக்கறா,” என்றார் மாமி. “சாஸ்திரிகளும் சரின்னுட்டார். இவர்தான் கேக்க மாட்டேங்கறார்.”

சேஷாத்ரி சார் எக்ஸ்ரே உறையை மாமியிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “சின்னதுல எப்பப் பார்த்தாலும் என் மடியிலேதான் இருப்பா. கடைசியா எப்போ உக்காந்தான்னு யோசிச்சுப் பார்க்கறேன், ஞாபகமே இல்லை. அன்னிக்கு இதுதான் கடைசின்னு யாரும் சொல்லலையே. இந்தத் தடவை தேதி முதல்லயே தெரியறது. அதைப் போய் நாற்காலியிலே கோட்டை விடச் சொல்றேளா?”

தேதிக்காகவே வாழ்கிறவன் நான். அந்த இடத்தில் நான் அவர் கட்சிக்குப் போய்விட்டேன்.

வாரத்துக்கு மூன்று நாள் என்று தொடங்கினோம். முதல் சங்கடம் அவர் கட்டி வந்த வேட்டி. காலைப் பிடித்துச் சாய்வதற்கு அது தடையில்லை. ஆனால் பெல்ட் வேலைக்கு ஆகாது. பெல்ட் வேலை என்பது இது: அகலமான பட்டை ஒன்றை நோயாளியின் தொடையில், கவட்டைக்கு மிக அருகில், மடித்த துண்டு வைத்துச் சுற்ற வேண்டும். அதே பட்டையின் மறுபக்கம் என் இடுப்பைச் சுற்றி வரும். அவர் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்வார். நான் பின்னால் சாய்ந்தால் தொடை எலும்பின் தலை குழியிலிருந்து வெளிப்பக்கமாகச் சற்று விலகும். விலகிய அந்த நிலையில், வலி இல்லாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும், தொடையை மடக்கியும் திருப்பியும் கொடுக்க வேண்டும். வலித்தால் நம் கோணம் தப்பு; நோயாளி தப்பில்லை. அவருக்கும் எனக்கும் நடுவே ஒரே பட்டை. ஒருவர் இருமினால் மற்றவருக்குத் தெரியும்.

மறுமுறை மாமி கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய அரைக்கால் சட்டையோடு அழைத்து வந்தார். மஞ்சளில் பச்சைத் தென்னைமரங்கள்.

“வேற டிசைனே கெடைக்கலையா?” என்று கேட்டார் சேஷாத்ரி சார்.

“கெடைச்சுது. நேக்கு இதுதான் பிடிச்சுது,” என்றார் மாமி.

மூன்றாவது வாரத்தில் செருப்பு வாரை அவரே மாட்டிக்கொண்டார். மாமி அதைப் பக்கத்து மேஜை நோயாளிகளுக்கெல்லாம் அறிவித்தார். உட்கார்வது மட்டும் இன்னும் மிச்சமிருந்தது. நானும் மேடமும் யோசித்து, மிகக் கெட்டிக்காரத்தனமான ஒரு திட்டம் போட்டோம். தேய்ந்தது வலது, இடது நன்றாக இருக்கிறது. ஆகவே மாதவியை இடது தொடையில் உட்கார வைத்து, வலது காலைத் தளர்வாக நீட்டி விட்டுவிடுவது. பாரம் முழுவதும் நல்ல பக்கம். இவ்வளவு எளிதான தீர்வை எங்களுக்கு முன்னால் யாரும் யோசிக்கவில்லையே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒத்திகைக்கு மாதவியைக் கூப்பிட்டோம். வந்தாள், உட்கார மறுத்தாள். “அது அன்னிக்குத்தான் அங்கிள். முன்னாடியே உக்காந்துட்டா அப்புறம் என்ன இருக்கு?” சரி, எடையாவது சொல், அதற்கேற்ற அரிசி மூட்டை வைத்துப் பழக்கலாம் என்றேன்.

“கல்யாணப் பொண்ணுகிட்ட எடை கேக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

“மருத்துவக் காரணம்மா.”

“மாப்பிள்ளைக்கே சொல்லலை. உங்களுக்கா சொல்லப் போறேன்?”

மாமி என் காதருகே, “ரெண்டு மூட்டைக்கு மேலே, மூணுக்குக் கீழே,” என்றார். இருபத்தைந்து கிலோ மூட்டைக் கணக்கு. “அம்மா!” என்று ஒரு கத்தல் கேட்டது.

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை நான் அவர்கள் வீட்டுக்கே போனேன். சமையலறையிலிருந்து அரிசி மூட்டை வரும். வெறும் மூட்டையாக இருந்தால் மனசு ஒட்டாது என்று மாமி அதற்கு ஒரு பழைய புடவையைச் சுற்றிவிடுவார். சேஷாத்ரி சார் இடது தொடையில் அதை ஏந்திக்கொண்டு, வலது காலை நீட்டி, மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். கட்டைவிரல் சுருளவே இல்லை.

முகூர்த்தத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்திருக்கும். கல்யாணச் சாமான் பற்றிப் பேச சாஸ்திரிகள் வந்தார். வாசலில் செருப்பை விட்டவர் கூடத்தில் புடவை கட்டிய மூட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இதென்ன சேஷாத்ரி?”

“ஒத்திகை. இதுதான் மாதவி.”

“மாதவி இருக்கட்டும். அவ ஏன் இடது தொடையிலே உக்காந்திருக்கா?”

சேஷாத்ரி சார் என் பக்கம் திரும்பினார்.

“பொண்ணுக்கு வலது தொடைன்னா! இடது பக்கம் ஆத்துக்காரிக்கு. நாற்காலி கேளு, போட்டுக்கோன்னேன். தொடையை மாத்தறதுக்கு நேக்கு அதிகாரம் கிடையாது.”

மாமி உள்ளேயிருந்து வந்தார். “இடது தொடை நேக்கா? முப்பது வருஷமா இதை ஒருத்தரும் சொல்லலையே!”

எல்லோரும் சிரித்தார்கள், இரண்டு பேரைத் தவிர. மூட்டையை மெல்ல இறக்கி வைத்த சேஷாத்ரி சாரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இடுப்பின் ஒவ்வொரு கோணத்தையும் அளந்தோம். உட்காரப் போவது எந்தத் தொடையில் என்று, அதைத் தெரிந்த ஒரே மனிதரான சாஸ்திரிகளிடம் யாரும் கேட்கவில்லை. சேஷாத்ரி சார் எத்தனையோ கல்யாணங்களில் பார்த்ததுதான். ஆனால் பந்தலில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் தாலியைத்தானே பார்ப்பார்கள், தொடையை யார் பார்ப்பார்கள்?

அங்கிருந்தே மேடத்துக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, போனைத் தள்ளி வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

“நாம இடுப்பைப் பார்த்தோம், கல்யாணத்தைப் பார்க்கலை தனபால். சாஸ்திரிகள் இருக்காரா? அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. நெல் மூட்டை இவ்வளவு ஒசரம்தான் இருக்கணும்னு எங்கேயாவது சொல்லியிருக்கா?”

கேட்டேன். சாஸ்திரிகள் கண்ணை மூடி யோசித்தார். “ஒசரம் பத்தி ஒண்ணும் சொல்லலையே.”

“ரெண்டு மூட்டை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா?”

“தாராளமா வெச்சுக்கோங்கோ. நெல்லு நெல்லுதானே.”

வழி அங்கே திறந்தது. தாழ்வாக உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போகும். இடுப்பு மிகவும் மடங்கும். அதன்மேல் பாரமும் ஏறினால் தேய்ந்த மூட்டு தாங்காது. உயரமாக உட்கார்ந்தால் தொடை முன்னோக்கிச் சரிந்து நிற்கும். பாதத்தைச் சற்று முன்னாலும் வெளியிலும் வைத்தால் பாரத்தில் ஒரு பங்கு முழங்காலின் கீழ் வழியாகத் தரைக்குப் போய்விடும். மண்டபத்தில் பெயருக்கு ஒரு சின்னப் பைதான் வைப்பார்களாம். எனவே முழு மூட்டை நெல் தேடி நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலே நெல் மண்டிக்குப் போனேன். மண்டிக்காரர் இரண்டு மூட்டைமேலும் நான் உட்கார்ந்து உட்கார்ந்து பார்ப்பதை வேடிக்கை பார்த்தார்.

“என்னா சார், விதைக்கவா, குத்தவா?”

“உக்கார.”

“உக்கார்றதுக்கு சோபா கடை எதிர்ல இருக்குது சார்!”

விஷயத்தைச் சொன்னதும் அவரே ஒரு மூட்டையை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் நெல் போட்டு இறுக்கித் தைத்துக் கொடுத்தார். தளர்ந்த மூட்டையில் நெல் மணல் மாதிரி நகரும், ஒரு பக்கம் குழியும் என்று சொன்னார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

அடுத்த நாள் மேடமே வீட்டுக்கு வந்தார். இனி மேஜையில் படுக்க வைத்துச் செய்யும் வேலை போதாது. உட்காரும் நிலையிலேயே கையை வைக்க வேண்டும். சேஷாத்ரி சாரை நெல் மூட்டைகள்மேல் உட்கார வைத்து, தென்னைமர அரைக்கால் சட்டைக்குமேல் பெல்ட்டைச் சுற்றி, மேடம் பக்கவாட்டில் சாய்ந்தார். நான் வலது தொடையில் அரிசியை ஏற்றினேன். முதலில் பத்துக் கிலோ. கட்டைவிரல் சுருண்டது. இறக்கினேன். மேடம் கோணத்தைத் துளி மாற்றினார். மறுபடி ஏற்றினேன். சுருளவில்லை.

நான்கு நாளில் ஒரு முழு அரிசி மூட்டை தாங்கியது. அங்கேயே நின்றது. அதற்கு மேல் ஏற்றினால் கட்டைவிரல் காட்டிக்கொடுத்தது.

மேடம் மாதவியைக் கூப்பிட்டார். “நீ காலை ஊனிக்கம்மா. பாதி வெயிட் தரைக்குப் போயிடும். புடவைக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே,” என்றார் சேஷாத்ரி சார். “காலை ஊனிண்டா அதுக்குப் பேரு மடியிலே உக்கார்றதா? பக்கத்துல நிக்கறது.”

மாதவி அப்பாவைப் பார்த்தாள். “சரிப்பா. ஊன மாட்டேன். ப்ராமிஸ்.”

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு காலையில் மாமியின் போன். மனிதர் யாரையும் கேட்காமல் தனியாக வலது தொடைமேல் இரண்டு அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்திருக்கிறார். இப்போது குளியலறைக்கு நடக்க முடியவில்லை. ஓடினேன். தொடையைத் தொட்டாலே கட்டைவிரல் சுருண்டது. மேடம் போனில் சொன்னார்: “பெல்ட்டைத் தொடாதீங்க. திருப்பாதீங்க. காலைப் பிடிச்சு மெதுவா சாயறது மட்டும். நடுநடுவுல ஆட்டி விடுங்க, தொட்டில் மாதிரி. இன்னைக்கு நாம எதையும் சம்பாதிக்க வேணாம், இருக்கறதைக் காப்பாத்தினா போதும்.” அன்றும் மறுநாளும் அதையே செய்தேன். சேஷாத்ரி சார் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “நாற்காலிக்குச் சொல்லிடட்டுமா தனபால்?” என்று ஒரு முறை கேட்டார். முகூர்த்தத்தன்று காலையில் சொல்கிறேன் என்றேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மண்டபத்துக்குப் போனேன். சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில், காய்கறி நறுக்கும் நீள மேஜையைத் துடைத்து ஜமக்காளம் விரித்து, பஞ்சகச்சத்தோடு அவரைப் படுக்க வைத்தேன். வெந்நீருக்குக் குறைவில்லை, சமையற்காரர் ஒரு அண்டா காட்டினார். கையைக் கழுவிக் காலைப் பிடித்துச் சாய்ந்தேன். வெளியே நாயனம் தொடங்கியது. வாழைக்காய்க் கூடையோடு வந்த ஒரு பரிசாரகர் திகைத்து நின்றார்.

“என்ன சார் இது, கல்யாணத்தன்னிக்கு மாமாவைப் போட்டு இழுக்கறேள்?”

“நீளம் பத்தலையாம்,” என்றார் படுத்திருந்த சேஷாத்ரி சார்.

அவர் ஜோக்கடித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. கட்டைவிரலைப் பார்த்தேன். நேராக இருந்தது. நாற்காலி வேண்டாம் என்றேன்.

மேடையில் இரண்டு நெல் மூட்டைகள் பட்டு விரிப்புக்கு அடியில் சிம்மாசனம் போல நின்றன. அவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். நாங்கள் பழக்கியபடி வலது பாதத்தைச் சற்று முன்னால், சற்று வெளியே வைத்தார். மாதவி ஒன்பது கஜத்தில், மாலைகளோடு வந்து வலது தொடையில் உட்கார்ந்தாள். மாலையும் புடவையும் நகையும் எத்தனை கிலோ என்பதை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற ரெஜினா மேடத்திடம் மெல்லச் சொன்னேன்.

“உஷ்,” என்றார். “விரலைப் பாருங்க.”

கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் தாலியைப் பார்த்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஒரு கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. வெயிலில் படுத்த பூனை மாதிரி நிம்மதியாக இருந்தது. அட்சதை எங்கள் தலையிலும் விழுந்தது. மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடி எனக்கு ஒரு வாரம் வலித்தது.

மாதவி எழுந்தாள். சேஷாத்ரி சார் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்று, கூட்டத்தில் எங்களைத் தேடி, வலது தொடையை ஒரு முறை தட்டிக் காண்பித்தார்.

அடுத்த வருடம் அறுவை சிகிச்சை செய்து இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டார். இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறார். கையால் செய்த வேலை அவருடைய எலும்பை வளர்க்கவில்லை. ஒரு முகூர்த்தம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. வேலை செய்ததா என்று கேட்ட இளையவர்களுக்கு என் பதில் அதுதான்.

ஆனால் பதிவை நேர்மையாக முடிக்க வேண்டும். ஒரு மூட்டைக்கு மேல் தாங்காத தொடை அன்று எப்படித் தாங்கியது? முழுப் பாரமும் தன்மேல்தான் இருந்தது, தனக்குத் தெரியாதா என்கிறார் சேஷாத்ரி சார். அன்றிரவு மாதவிக்கு இரண்டு கெண்டைக்காலிலும் ஒரே வலி என்று மாமி பிறகு சொன்னார். நுனிவிரலில் பாரத்தை ஊன்றி நின்றவர்களுக்கு அந்த இடத்தில்தான் வலிக்கும். ஆனால் மாலை வரவேற்பில் அவள் உயரமான குதிகால் செருப்போடு மூன்று மணி நேரம் நின்றாள். அதற்கும் அங்கேதான் வலிக்கும். கல்யாண வீடியோவை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். ஒன்பது கஜத்தின் கரை தரைவரை விழுந்திருக்கிறது. மாதவி உயரமான பெண். காலை நீட்டினால் நுனிவிரல் எட்டும். போன தீபாவளிக்குப் பேசியபோது அவளிடமே கேட்டேன்.

“அங்கிள், அப்பா என்ன சொல்றார்?” என்றாள்.

“முழு வெயிட்டும் என்மேலதான்னு சொல்றார்.”

“அப்போ அதுதான்,” என்று சிரித்து, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

அவளுடைய சரியான எடை இன்றுவரை எனக்குத் தெரியாது. முகூர்த்த நேரத்தில் அவள் கால்விரல்கள் தரையைத் தொட்டிருந்தனவா என்பதும் சரிபார்க்கப்படவில்லை.